கால் மணி நேரத்தில் ஒரு நகரம்

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வழியெல்லாம் தட்டையான பச்சை நிலம், நேர்க்கோடாக ஓடும் வாய்க்கால்கள், மழையைப் பொருட்படுத்தாமல் மேயும் மாடுகள். ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊர் கிரோனிங்கன். நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள, அதே பெயர் கொண்ட மாகாணத்தின் தலைநகரம். மக்கள்தொகை 2.4 லட்சத்தை ஒட்டி வரும். அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாணவர். 1614இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்னும் ஊரின் நடுவில்தான் இருக்கிறது.

பாரிஸ், லண்டன், ரோம் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவில்லை. நான் பார்க்க வந்தது வேறு. பெருநகரமும் அல்லாத, கிராமமும் அல்லாத ஒரு ஐரோப்பிய ஊரில் ஜனங்கள் எப்படிக் காய்கறி வாங்குகிறார்கள், பிள்ளையை எப்படிப் பள்ளியில் விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள், தெருவில் பக்கத்து வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நவம்பர் மாதத்தில் போனேன். ஓர் ஊர் தன்னை அலங்கரித்துக்கொள்ளாத மாதம் அது.

ரயில் நிலையக் கட்டடம் 1896இல் கட்டியது. முன்மண்டபத்தின் கூரை முழுக்கக் காகிதக்கூழில் வார்த்து வண்ணம் தீட்டியது. அதை அண்ணாந்து பார்த்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் கையில் சாவியோடு வெளியே விரைந்துகொண்டிருந்தார்கள். வெளியே வந்தால் காரணம் புரிகிறது. நிலையத்துக்கு எதிரே உயர்த்திக் கட்டிய ஒரு திடல், அதன் அடியில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள். முக்கால்வாசி பழசு. துருப்பிடித்த ஹேண்டில்பார், பிளாஸ்டிக் பை கட்டிய சீட், பின்சக்கரத்தைக் கவ்வும் வளையப் பூட்டு, அது போதாதென்று மணிக்கட்டுத் தடிமனில் ஒரு சங்கிலி. சைக்கிள் திருட்டு இங்கே அன்றாடச் சங்கதி. முன் டயர் மட்டும் நீலமாக இருப்பவை மாத வாடகைக்கு எடுத்தவை. அவற்றை ஓட்டுவது பெரும்பாலும் மாணவர்கள்.

நான் தங்கியது வடக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாளின் மாடி அறையில். வந்த அன்றே அவர் என் கையில் தன் இன்னொரு சைக்கிளின் சாவியைக் கொடுத்துவிட்டார். பஸ் எண்ணைக் கேட்டேன். "அது எதற்கு? எங்கே போவதானாலும் கால் மணி நேரம்தான்" என்றார். சொன்னது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. சந்தை, நூலகம், பெரிய ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், நீச்சல்குளம் எல்லாமே அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்துக்குள்.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு ஒரு நாற்சந்தியில் நின்று பார்த்தேன். சேர்னிக்கே என்ற புறநகர் கல்லூரி வளாகத்துக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம், அலுவலகம் போகிறவர்கள் ஒரு பக்கம். கார்களுக்கெல்லாம் சிவப்பு விழுந்தது. அடுத்த நொடி, நான்கு திசை சைக்கிள்களுக்கும் ஒரே சமயத்தில் பச்சை. நேரே போகிறவர், திரும்புகிறவர், குறுக்கே வெட்டுகிறவர் எல்லாரும் ஒன்றாகச் சந்தியின் நடுவுக்குள் புகுந்து, தறியில் ஊடும் பாவும் மாதிரி ஒருவரையொருவர் கடந்து, மறுபக்கம் வெளியேறினார்கள். முட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்று எனக்குப் பதறியது. யாரும் முட்டவில்லை, யாரும் காலை ஊன்றவும் இல்லை. உற்றுப் பார்த்தபோது சூட்சுமம் தெரிந்தது. ஒருவரும் வேகத்தைக் கூட்டவில்லை. எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து, தோளை லேசாகச் சாய்த்து, நான் இந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பக்கம் மரப்பெட்டி பொருத்திய வண்டியில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து ஒரு அப்பா போனார். பெட்டிக்கு மேல் மழைக்கூடு. உள்ளே ஒன்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. இந்த ஒரே சமயப் பச்சை இங்கே 1980களின் இறுதியில் வந்தது. இன்று ஊரின் பல சந்திகளில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நிலமும் தட்டை, அதனால் இப்படி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கிரோனிங்கனின் வரலாறு அப்படிச் சொல்ல விடாது. 1960களில் இந்த ஊரும் மற்ற ஊர்களைப் போலக் காருக்காகத் தன்னை அகலப்படுத்திக்கொள்ளத்தான் திட்டம் போட்டது. மையத்தில் இருக்கும் கிரோட்டே மார்க்ட் என்ற பெரிய சதுக்கத்தின் பழைய படங்களில் வண்டி நிறுத்த இடமில்லாமல் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1970இல் நகராட்சிப் பொறுப்புக்கு வந்த ஒரு இளைஞர் கூட்டம் அதை மறித்தது. அதில் முக்கியமானவர் மாக்ஸ் ஃபான் டென் பெர்க். தொழிலாளர் கட்சிக்காரர், அப்போது வயது இருபதுகளின் நடுவில். பின்னாளில் கட்சியின் தேசியத் தலைவராகவும், இதே மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதியாகவும் இருந்தார்.

1977 செப்டம்பரில் அவர்கள் கொண்டுவந்த போக்குவரத்துத் திட்டம் சொல்வதற்கு எளிமையானது. நகர மையத்தை நான்கு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே வட்டச்சாலைக்கு வந்து, சுற்றிப்போய், மறுபடி உள்ளே நுழைய வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் அந்தத் தடை கிடையாது. பெரிய பாலமோ சுரங்கமோ எதுவும் கட்டவில்லை. தெருக்களை ஒருவழியாக்கி, பலகைகளை மாற்றி நட்டார்கள். ஒரே ராத்திரியில் முடிந்த வேலை. விடிந்தபோது, ஐந்து நிமிடக் கார்ப்பயணம் சுற்றுவழியாகிவிட்டது. அதே தூரம் சைக்கிளில் முன்னைவிட லேசாகிவிட்டது. யாரையும் காரை விடச் சொல்லவில்லை. எது சுலபமோ அதை மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு நகராட்சி செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

கடைக்காரர்கள் கொதித்தார்கள். வீட்டுக்கார அம்மாளின் அப்பா அப்போது மையத்தில் செருப்புக்கடை வைத்திருந்தாராம். "கண்ணாடியில் எதிர்ப்பு நோட்டீஸ் ஒட்டினார். சாப்பாட்டு மேஜையில் அந்த இளைஞர்களின் பெயரைச் சொல்லவே விடமாட்டார். காரில் வருகிற கிராமத்து வாடிக்கை எல்லாம் போய்விடும் என்று பயந்தார். சில பேர் போகவும் செய்தார்கள்" என்றார். அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு துண்டாக வெட்டிய மறுநாளே எல்லாருக்கும் நன்மை விளைந்துவிடவில்லை. அப்பா கடைசிவரை அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும், கடைக்குத் தினமும் போனது மட்டும் சைக்கிளில்தான் என்றும் அம்மாள் சொன்னார். இன்று நகருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில். அந்தத் துண்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

சந்தை நாள்கள் செவ்வாய், வெள்ளி, சனி. சனிக்கிழமை காலையில் அம்மாளோடு நானும் கிளம்பினேன். அவருடைய சைக்கிளின் பின்பக்கம் இரண்டு புறமும் தொங்கும் தார்ப்பாய்ப் பைகள். ஒன்று உருளைக்கிழங்குக்கு, மற்றது மற்ற எல்லாவற்றுக்கும். மையத்துக்குள் நுழைந்தால் தரையெல்லாம் மஞ்சள் செங்கல். மஞ்சள் தொடங்கினால் நடப்பவருக்கு முதலிடம் என்று ஊருக்கே தெரியும். சைக்கிளை எங்கு வேண்டுமானாலும் சாய்த்துவிட்டுப் போகிற வழக்கத்தைக் கட்டுப்படுத்த, நடைபாதையில் சிவப்புக் கம்பளம் விரிக்கிற உத்தியையும் இந்த ஊரில் கையாண்டிருக்கிறார்கள். கம்பளத்தின் மேல் சைக்கிளை நிறுத்த யாருக்கும் மனசு வருவதில்லை. அப்படியும் வழியை மறித்து நிறுத்தினால் வண்டி கிடங்குக்குப் போய்விடும்.

சந்தை கூடும் இடம் விஸ்மார்க்ட். மீன் சந்தை என்று பெயர் இருந்தாலும் எல்லாம் உண்டு. உருளைக்கிழங்குக் கடையில் பெயர்ப்பலகை எழுதியிருந்த விதம் என்னை நிறுத்தியது. ரகத்தின் பெயரோடு, வேகவைத்தால் மாவாகக் குழைவது, குழையாமல் நிற்பது என்று பிரித்து எழுதியிருந்தார்கள். அம்மாள் இரண்டிலும் வாங்கினார். குழைவது மசித்து முட்டைக்கோஸ் கலக்க, குழையாதது வறுக்க. நமக்கு அரிசியில் இருக்கிற நுணுக்கம் இவர்களுக்குக் கிழங்கில். சீஸ் கடைக்காரர் முழங்கை நீளச் சக்கரத்திலிருந்து இழைப்புளிக் கத்தியால் மெல்லிய சீவல் எடுத்து நீட்டினார். இளசு, நடு, முற்றல் என்று மூன்று. முற்றலில் உப்புக்கல் மாதிரி ஏதோ பல்லில் நெறுநெறுத்தது. அம்மாள் வாங்கியது நடு. தினசரி ரொட்டிக்கு அதுதான் என்றார்.

மீன் வண்டியில் ஹெரிங் மீனுக்கு வரிசை. கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோலுரித்து, முள்ளெடுத்து, பொடியாக அரிந்த வெங்காயத்தில் புரட்டித் தருகிறார்கள். உப்பில் பதப்படுத்தியது, அடுப்பைப் பார்க்காதது. வாலைப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடித்து இழுக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி கரைந்தது. பக்கத்தில் கோட்டு சூட்டோடு ஒருவர் இரண்டை முடித்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். இந்த ஊருக்கே உரிய இன்னொரு தின்பண்டம் உண்டு. அவித்த முட்டையைக் கெட்டியான மசாலாக் குழம்பில் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை. இரவில் மதுக்கடை விட்டு வருகிற மாணவர்கள் விரும்பித் தின்பது. எனக்கு ஒன்று போதுமாக இருந்தது.

சந்தையின் மேற்கு எல்லையில் 1865இல் கட்டிய தானியச் சந்தைக் கட்டடம். வாசலில் தூண்கள், மேலே வணிகத்துக்கும் விளைச்சலுக்கும் கடலுக்குமான ரோமானியக் கடவுளர் சிலைகள், உள்ளே கண்ணாடிக் கூரை. கூரைக்குக் கீழே இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட். ஒரு காலத்தில் மாகாணத்துக் கோதுமைக்கு விலை பேசிய கூடத்தில் பால் பாக்கெட்டும் சலவைத்தூளும் அடுக்கியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தைப் பூட்டிவைத்து டிக்கெட் போடுவதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. சூப்பர்மார்க்கெட்டுகளில் காலி பாட்டில் வாங்கிக்கொள்ளும் எந்திரம் ஒன்று இருக்கும். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 15 சென்ட், பெரியதற்கு 25, டின்னுக்கு 15. வாங்கும்போதே விலையில் சேர்த்துக்கொண்ட பணம் அது, திருப்பிப் போட்டால் ரசீதாகக் கிடைக்கும். பெரிய பையோடு ஒரு மாணவி ஒவ்வொன்றாகத் துவாரத்தில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் வெறும் கையோடு வந்த முதியவர், தெருவில் பொறுக்கியவற்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். செழிப்பான நாட்டிலும் இந்த 15 சென்ட்டை நம்பி நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். ரொட்டி, சீஸ், ஒரு தம்ளர் பால். சூடான சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு. பெரும்பாலான கடைகளும் ஆறு மணிக்கெல்லாம் சாத்திவிடுகின்றன, வியாழன் இரவு மட்டும் ஒன்பது வரை. நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அந்த இருட்டில் வேலை முடிந்து திரும்பும் சைக்கிள் விளக்குகளின் வரிசையைத் தவிர வெளியே அதிகம் நடமாட்டம் இல்லை. விளக்கு இல்லாமல் ஓட்டினால் அபராதம்.

அந்த இருட்டு மாதங்களில் ஊர் எங்கே போய் உட்காருகிறது என்பதற்கு விடை, பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபோரம். 2019 நவம்பரில் திறந்தது, 45 மீட்டர் உயரம். நூலகம், திரையரங்குகள், கண்காட்சி, படிக்க மேஜைகள், உச்சியில் மொட்டைமாடி, நிலத்தடியில் சைக்கிள் நிறுத்தம். எதையும் வாங்காமல் காலையிலிருந்து ராத்திரிவரை உள்ளே இருக்கலாம், யாரும் என்ன வேலை என்று கேட்பதில்லை. நான் போன பிற்பகலில் ஒரு தளத்தில் தலைமறைப்பு அணிந்த ஒரு பெண் டச்சு மொழிப் பாடப்புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பணி ஓய்வு பெற்றவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உச்சரிப்பைத் திருத்தினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு காபி, அதுவும் ஆறிப்போனது.

மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய, 97 மீட்டர் உயர மார்ட்டினி கோபுரம் எதிரே நிற்கிறது. 1945 ஏப்ரலில் கனடாப் படை இந்த ஊரை ஜெர்மானியரிடமிருந்து தெருத்தெருவாகச் சண்டையிட்டு மீட்டபோது, சதுக்கத்தின் வடக்கும் கிழக்கும் எரிந்துபோயின. கோபுரம் தப்பியது. அந்தக் காலியிடத்தை எப்படி நிரப்புவது என்று ஊர் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடியிருக்கிறது. சதுக்கத்தின் அடியில் கார் நிறுத்தம் அமைக்கும் திட்டத்தை 2001இல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். கிழக்குப் பக்கத்துக்கான புதிய திட்டத்தை 2005இல் இன்னொரு வாக்கெடுப்பில் ஏற்றார்கள். அந்தத் திட்டத்தின் பலன்தான் ஃபோரம். நான் தினமும் கடந்துபோன நோர்டர்பிளான்ட்சூன் பூங்காவுக்கும் இதே கதை. பழைய கோட்டை அரணின் மேல் அமைத்த அந்தப் பூங்காவின் ஊடே கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. சோதனையாகக் கொஞ்ச நாள் மூடிப் பார்த்தார்கள். 1994இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிகச் சிறிய வித்தியாசத்தில் மூடும் பக்கம் ஜெயித்தது. ஏறக்குறைய பாதி ஊர் எதிர்த்து வாக்களித்த பாதையில் இன்று வாத்துகள் குறுக்கே நடக்கின்றன, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறார்கள்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், அம்மாளின் பேத்திக்கு நீச்சல் தேர்வு. நானும் போனேன். இந்நாட்டில் எங்கு திரும்பினாலும் தண்ணீர், ஆகவே நீந்தத் தெரியாத பிள்ளையை வெளியே விளையாட விடப் பெற்றோர் பயப்படுவார்கள். ஏ, பி, சி என்று மூன்று சான்றிதழ்கள். கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் நெருக்கிக்கொண்டு நின்றோம். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். நீச்சலுடையில் இல்லை. முழுக்கால் சட்டை, மேல்சட்டை, காலில் செருப்பு. வாய்க்காலில் தவறி விழுகிற பிள்ளை நீச்சலுடையோடு விழாது அல்லவா? ஆகவே உடுப்போடு குதிக்கிறார்கள், நனைந்த துணியின் பாரத்தைச் சுமந்தபடி நீந்துகிறார்கள். அதன் பிறகு நீச்சலுடைக்கு மாறி, தண்ணீருக்குள் தொங்கவிட்ட ஒரு தார்ப்பாயின் ஓட்டை வழியாக மூச்சடக்கிப் புகுந்து வெளியே வர வேண்டும். பேத்திக்கு ஆறு வயது. முதல்முறை ஓட்டைக்கு முன்னால் திணறி மேலே வந்துவிட்டாள். பயிற்சியாளர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, கைகொடுத்துக் காப்பாற்றவும் இல்லை. விரலால் ஓட்டையைக் காட்டினார். இரண்டாம் முறை அந்தப் பக்கம் தலை தெரிந்தபோது பாட்டி கண்ணாடியில் முட்டியால் தட்டினார். வெளியே வந்ததும் சான்றிதழைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தாள்.

வைத்தியம் வேறுமாதிரி. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நிபுணரைப் பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் உதவியாளர் முதலில் விசாரிப்பார், பிறகுதான் பத்து நிமிட நேரம் கொடுப்பார். பல சமயம் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பொறுத்திருங்கள் என்பதே பதில். எல்லாருக்கும் காப்பீடு கட்டாயம். குடும்ப மருத்துவரைப் பார்ப்பது இலவசம், அதற்கு மேல் போனால் ஆண்டின் முதல் 385 யூரோ கையிலிருந்து. வைத்தியத்தைவிட வீட்டுக்குத்தான் பெரிய தட்டுப்பாடு. செப்டம்பரில் வரும் வெளிநாட்டு மாணவர்கள் அறை கிடைக்காமல் தங்கும் விடுதிகளிலும் தெரிந்தவர் சோபாவிலும் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

ஊரின் பழைய தர்மச்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு சின்ன வாசல். உள்ளே நுழைந்தால் ஒரு முற்றம், நடுவில் கைப்பம்பு, சுற்றிலும் வரிசையாகச் சிறு வீடுகள். பெப்பர்காஸ்ட்ஹௌஸ் என்பது 1405இல் ஏழை யாத்ரீகர்களுக்காகத் தொடங்கியது. இன்று அங்கே ஜனங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் பூனை, வாசலில் மழைக்காலணி. சத்தம் போடாமல் பார்த்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவு பார்த்த பிறகு அம்மாள்தான் சொன்னார்: "நகரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே. லொப்பர்சம் போய்ப் பார்."

டெல்ஃப்சைல் போகும் சிறு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் லொப்பர்சம். மேடான இடத்தில் பழைய தேவாலயம், அதைச் சுற்றிச் செங்கல் வீடுகள், அப்பால் கண்ணுக்கெட்டிய வரை வயல். அழகான கிராமம். ஆனால் சில வீடுகளின் சுவரில் தடித்த மரக்கட்டைகள் சாய்வாக முட்டுக்கொடுத்து நின்றன. ஒரு சுவரில் படிக்கட்டு வடிவத்தில் செங்கல்லுக்குச் செங்கல் இறங்கி வந்த விரிசல், பூசி மறைத்த தடம், பூசியதற்கு மேல் மறுபடி விரிசல்.

1959இல் ஸ்லோக்டரன் என்ற கிராமத்தின் அடியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய எரிவாயு வயல். ஷெல், எக்ஸான் ஆகியவற்றின் கூட்டு நிறுவனம் எடுத்தது, அரசு பங்கு வாங்கியது. நாடு முழுக்க வீடுகள் அந்த வாயுவில் சமைத்தன, குளிர் காய்ந்தன. ஏறத்தாழ 360 பில்லியன் யூரோ அரசின் கைக்கு வந்தது. வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்த பாறை அமுங்கியது, நிலம் அதிர்ந்தது. 2012 ஆகஸ்ட் 16ஆம் தேதி லொப்பர்சத்துக்குப் பக்கத்தில் ஹௌசிங்கே கிராமத்தில் 3.6 அளவில் நிலநடுக்கம். எண் சிறியதாகத் தெரியலாம். அதிர்வு ஆழமில்லாத இடத்திலிருந்து வந்தது, வீடுகளோ நிலநடுக்கத்தை நினைத்துக் கட்டியவை அல்ல. எச்சரிக்கைகள் வந்தபின்னும் அடுத்த ஆண்டு எடுத்த வாயு குறையவில்லை, கூடியது. கடைசியில் 2023 அக்டோபர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தினார்கள், 2024இல் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்கள். 2023 பிப்ரவரியில் வெளிவந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கை, கிரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதியது.

தேவாலயத்துக்கு எதிரே குடியிருக்கும் ஒரு பெண்மணி தன் சமையலறைக்கு அழைத்தார். அலமாரியில் வரிசையாகக் கோப்புகள். சேதக் கோரிக்கை, ஆய்வாளர் வருகை, அறிக்கை, மறுஆய்வு, வலுப்படுத்தும் திட்டம், அது மாறிய கடிதம். "விரிசலோடு வாழ்ந்துவிடலாம். இந்தக் கோப்புகளோடுதான் வாழ முடியவில்லை" என்றார். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சு இதுதானாம். ஒரு பூங்காவின் பாதையை மூடலாமா என்று ஊரைக் கேட்ட அதே மாகாணத்தில், இவர்களுடைய வீட்டுக்கு அடியிலிருந்து வாயுவை எடுக்கலாமா என்று இவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நகரத்தில் நான் ரசித்த ஒவ்வொன்றையும் அந்தச் சமையலறையிலிருந்து இன்னொரு முறை நினைத்துப் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு நான் தங்கியிருந்த தெருவில் ஒரு கூட்டம். பேட்டைச் சமுதாயக்கூடத்தில் மேஜை மேல் தெருவின் வரைபடம் விரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். மழைநீர் நிலத்தில் இறங்குவதற்காக நடைபாதைக் கற்கள் சிலவற்றைப் பெயர்த்து மரம் நடுவது நகராட்சியின் யோசனை. அதற்குக் கார் நிறுத்துமிடங்கள் சில போகும். ஒரு இளம் தாய் மரம் வேண்டும், இன்னும் கூடுதலாக வேண்டும் என்றார். முதுகுவலிக்காரர் ஒருவர், கார் வாசலில் நிற்காவிட்டால் தன்னால் வெளியே போகவே முடியாது என்றார். அம்மாள் முதலில் மரத்தின் பக்கம் பேசினார், முதுகுவலிக்காரர் பேசியதைக் கேட்டபின் அவருடைய வாசலுக்கு எதிரே உள்ள இடத்தை விட்டுவிடலாம் என்றார். மூலையில் இருந்த மாணவன், வீட்டுக்காரர்கள்தான் பேசுகிறீர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று கேட்டான். நகராட்சி அலுவலர் யாருக்கும் பதில் வாதம் செய்யவில்லை. ஒவ்வொருவர் கையிலும் வண்ணச் சீட்டைக் கொடுத்து, வரைபடத்தில் தாங்களே ஒட்டச் சொன்னார், குறிப்பு எடுத்துக்கொண்டார். ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிந்தது. எதுவும் முடிவாகவில்லை. திருத்திய வரைபடம் ஜனவரிக் கூட்டத்தில் வரும் என்றார்கள். முதுகுவலிக்காரர் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அளவுகள் சரிதானா என்று நாளைக் காலை தானே டேப் வைத்து அளந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். மறுமுனையைப் பிடித்துக்கொள்ளத் தான் வருவதாக மாணவன் சொன்னான்.